பத்துச் சிப்பியும் ஒரு வாசரும்

1983ஆம் ஆண்டு, மாசி மாதம். யாழ்ப்பாணம் குருநகரில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த என் மாமியார் வீட்டு முற்றத்தில்தான் இது நடந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கல்யாணம் முடித்து ஒன்றரை வருடம், மாமியார் வீட்டோடுதான் இருந்தோம். மூக்கு நுனியில் கோபம் இருக்கும் என்பார்களே, எனக்கு அது நுனியில் கூட நிற்காது, முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

நானும் என் மனைவியின் அண்ணனும் கூட்டாக ஒரு புது எஞ்சின் எடுத்திருந்தோம். அவரை நான் மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். என்னைவிட மூன்று வயது மூத்தவர், அதே ஊரில் தனியாகக் குடியிருந்தார். அதுவரை அவருடைய வள்ளத்தில் பாய் கட்டியும் கோல் ஊன்றியும்தான் நண்டு வலைக்குப் போய் வந்தோம். காற்று விழுந்த நாளில் வீடு வந்து சேரும்போது தோள்மூட்டு இரண்டும் கழன்றுவிடும். அதனால் வள்ளத்தின் பின்பக்கத்தில் பூட்டும் அந்தப் பதினைந்து குதிரைவலு எஞ்சின் வந்து இறங்கிய அன்று வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது போல இருந்தது. தேவாலயப் பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மனைவி மல்லிகை மாலை கட்டிப் போட்டாள். நாவூறு படும் என்று மாமியார் அதன் மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தி வைத்தார்.

எஞ்சினோடு ஒரு சிறிய புத்தகமும் வந்தது. எல்லாம் ஆங்கிலம். மச்சான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். ஆகவே புத்தகம் என் கைக்கு வந்தது, கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. இரவல் அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்து, சுவாமியார் பிரசங்கம் வைப்பது போல மச்சானுக்கு விளக்கம் சொன்னேன். முதல் பத்து மணித்தியாலம் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டக்கூடாது. பெற்றோலோடு கலக்கும் எண்ணெயை இரண்டு மடங்காகக் கலக்க வேண்டும். பத்து மணித்தியாலம் முடிந்ததும், தண்ணீருக்குள் சுழலும் விசிறியைச் சுற்ற வைக்கும் பற்சில்லுகள் இருக்கின்ற அடிப்பெட்டியின் எண்ணெயை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். நட்டு, போல்டுகளை இறுக்க வேண்டும்.

பத்து மணித்தியாலத்தை எப்படிக் கணக்கு வைப்பது என்பதில்தான் சிக்கல். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கைக்கடிகாரம். அது என் கல்யாணக் கடிகாரம், உப்புத் தண்ணீருக்குக் கொண்டுபோக மனைவி விடமாட்டாள். யோசனை சொன்னவர் மச்சான். கரையிலிருந்து எங்கள் வலை கிடக்கும் இடத்துக்கு எஞ்சினில் மெதுவாகப் போனால் அரை மணித்தியாலம். போய் வந்தால் ஒரு மணித்தியாலம். ஒவ்வொரு தரமும் போய் வந்ததும் ஒரு சிப்பியை எடுத்து, வள்ளத்தின் பின்பக்கத்தில் கட்டியிருக்கும் தகரப் பால் பேணிக்குள் போடுவது. பத்துச் சிப்பி சேர்ந்தால் எண்ணெய் மாற்றும் நாள். புத்தகம் எழுதியவனுக்கே தோன்றியிராத வழி அது.

ஐந்தாவது சிப்பி விழுந்த பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுத்துவிட்டேன். மச்சான் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார். எழுந்து கடற்கரைக்குப் போன முதல் நாளே ஒரு மீன் வியாபாரி, "உங்கடை வள்ளம் முந்தநாள் பறந்து போகுது, பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றார். அவர் புகழ்ந்துதான் சொன்னார். எனக்கோ எரிச்சல் வந்தது. முழு வேகம் கூடாது என்று எத்தனை தரம் படித்துப் படித்துச் சொன்னேன். மச்சானிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, மனதுக்குள் போட்டுக் கறுவிக்கொண்டு திரிந்தேன். மந்திரித்த அன்றைக்குக் கரையில் நின்ற மனைவி பார்க்கவேண்டும் என்று நானும் ஒருதரம் கைப்பிடியை முழுக்க முறுக்கினேன்தான். ஆனால் அதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

பத்தாவது சிப்பி ஒரு வெள்ளிக்கிழமை விழுந்தது. எண்ணெய் மாற்றச் சனிக்கிழமை காலை என்று முடிவானது. அன்று விடியற்காலையில் எஞ்சின் இல்லாமல் பாயில் போய் வலை விட்டுவிட்டு வந்து, மத்தியானத்துக்குப் பிறகு எடுக்கப் போவதாக ஏற்பாடு. எஞ்சின் வாங்கிய இடத்தில், பட்டணத்தில் இருந்த தங்கள் வேலைத்தலத்துக்குக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். புத்தகம் என் கையில் இருக்கும்போது அங்கே எதற்கு என்று நான்தான் மறுத்தேன். மச்சான் எஞ்சினைத் தோளில் கொண்டுவந்து முற்றத்தில் மரச்சட்டத்தில் பூட்டினார். மனைவி, மாமியார், அக்கம்பக்கத்தில் ஐந்தாறு பேர் என்று ஒரு சிறு கூட்டமே கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டால் எனக்குப் பெருமையடிக்கும் நடப்பும் கூடிவிடும்.

அடிப்பெட்டியில் இரண்டு திருகாணிகள். கீழே இருப்பது எண்ணெய் வடிக்க, மேலே இருப்பது காற்றுப் புக. ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் கசியாமல் அடைக்க, சட்டைப் பொத்தான் அளவில் வளையம் போல ஒரு சின்ன வாசர். கீழ்த் திருகாணியைக் கழற்றியதும் அதன் வாசர் கையோடு வந்தது. மண்ணில் விழுந்தால் காணாமல் போய்விடும் என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அலுமினியச் சட்டிக்குள் எண்ணெய் மெதுவாக இறங்கியது. வெயில் பட்டதும் அது மின்னியது. குனிந்து பார்த்தேன். எண்ணெய் முழுக்க வெள்ளித் தூள் கரைத்தது போல இரும்புப் பொடி.

பத்து மணித்தியாலம் ஓடிய புது எஞ்சின். அதற்குள் பற்சில்லெல்லாம் தேய்ந்து பொடியாகிவிட்டது என்றுதான் எனக்குப் பட்டது. மூன்று நாளாக மனதுக்குள் கிடந்தது அப்படியே வெளியே வந்தது.

"நான் சொல்லச் சொல்லக் கேளாமல் பறக்கவிட்டிருக்கிறீர். பல்லெல்லாம் தேய்ஞ்சு போச்சு. உம்மை நம்பிக் கூட்டுச் சேர்ந்தனே, எனக்கு வேணும்" என்றேன். அதோடு நின்றேனா, இல்லை. படிக்காதவனோடு சேர்ந்தால் இப்படித்தான் என்றும் ஒரு சொல் சொன்னேன். இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

மச்சான் சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தங்கை நிற்கும் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்து போய்விட்டார். மனைவியின் கண் கலங்கிவிட்டது. "அண்ணையை இத்தினை பேருக்கு முன்னாலை உப்பிடிக் கதைச்சுப் போட்டியள். இனி அவர் இந்த முத்தத்துக்கு வருவாரோ தெரியாது" என்றாள். மாமியார் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அயலவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. படபடவென்று புது எண்ணெயை ஊற்றினேன். மேல் திருகாணியைப் பூட்டினேன், கீழ்த் திருகாணியைப் பூட்டினேன். வடித்த எண்ணெயை ஒரு சோடாப் போத்தலுக்குள் ஊற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். வேலைத்தலத்தில் கொண்டுபோய்க் காட்டி, கண்டபடி ஓட்டியதால்தான் பழுதாகிப்போனது என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வரவேண்டும். அதற்காகத்தான் போனேன். திருத்துவதற்குப் போகவில்லை, சாட்சிக்குப் போனேன்.

வேலைத்தலத்தில் எனக்கு முன்னால் மூன்று நான்கு பேர் காத்திருந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் நின்றிருப்பேன். என் முறை வந்ததும் மெக்கானிக்கிடம் போத்தலை நீட்டி என் கதையைச் சொன்னேன். அவர் பாதிக் கதையிலேயே இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டு, பெருவிரலால் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தினை மணித்தியாலம் ஓடினது?"

"பத்து."

"அப்ப சரி."

"என்ன சரி? தூள் தூளா வந்திருக்கு."

"புதுப் பற்சில்லு. ஒண்டோடை ஒண்டு உரஞ்சி இடம் பிடிக்கும் மட்டும் தூள் வரத்தான் செய்யும். அந்தத் தூளை வெளியிலை எடுக்கத்தானே பத்து மணித்தியாலத்திலை மாத்தச் சொல்லுறது. உது வராட்டித்தான் நான் யோசிப்பன். எண்ணெய் பால் நிறத்திலை வந்தால் பயப்பிடும். அது தண்ணி உள்ளுக்கை போனதுக்கு அடையாளம்."

எனக்குப் பின்னால் வாங்கிலில் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். கொழும்புத்துறையில் இருந்து வந்தவர். கையில் வைத்திருந்த பேணியின் மூடியைத் திறந்து என் பக்கம் சரித்துக் காட்டினார். அதற்குள்ளும் அதே எண்ணெய், அதே மினுக்கம். "எங்கடையும் புதுசுதான் தம்பி. காலமை என்ரை தம்பிக்காரனுக்கு அடிக்கக் கை ஓங்கிப்போட்டு வந்து நிக்கிறன். வீட்டை போய் என்னெண்டு முகத்தைக் காட்டுறது எண்டுதான் இருந்து யோசிக்கிறன்" என்றார். என் காதுவரை சூடேறியது. அவர் கையாவது ஓங்கியதோடு நின்றது, என் வாய் ஓங்கி அடித்தே விட்டது.

பிறகு ஒருநாள் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் மாற்றுவதைப் பற்றி எழுதியிருந்த அதே பக்கத்தில், அதற்கு அடுத்த வரியில், முதல் தடவை இரும்புப் பொடி தெரிந்தால் பயப்பட வேண்டாம் என்று போட்டிருந்தது. அகராதியில் தேடப் பஞ்சிப்பட்டு நான் தாண்டிப்போன வரி அது.

அன்று வேலைத்தலத்தில் போத்தலை வாங்கிக்கொண்டு திரும்பினேன். மெக்கானிக் அடுத்த ஆளிடம் போகும்போது சும்மா கேட்பது போலக் கேட்டார்: "வாசர் புதுசு போட்டனீரோ, பழசையே போட்டனீரோ?"

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே அது இருந்தது. மேல் திருகாணிக்குப் பழைய வாசர் அதிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தது. கீழே இருப்பதற்கு நான் போடவேயில்லை.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "கீழ்ப் பூட்டிலை வாசர் இல்லாமல் தண்ணிக்கை இறக்கினால் எண்ணெய் வெளியிலை வரும், உப்புத் தண்ணி உள்ளுக்கை போகும். பிறகு சொன்ன பால் நிறம்தான். ஒரு ஓட்டம் போதும், பற்சில்லு துரு ஏறத் தொடங்கிவிடும். எஞ்சின் இப்ப எங்கை?" என்றார்.

எஞ்சின் வீட்டு முற்றத்தில். மத்தியானம் திரும்பியதும் வலை எடுக்கப் போகவேண்டும். நான் இல்லாவிட்டாலும் மச்சான் போவார், வலையை அவர் ஒருநாளும் கிடக்க விட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு மணி தாண்டியிருந்தது. மெக்கானிக் நீட்டிய இரண்டு புது வாசரை வாங்கிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அந்த வெயிலில், அந்த வேகத்தில், என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் சைக்கிள் ஓடியதில்லை. எஞ்சினை நாசமாக்கிவிட்டாய் என்று ஒருவரைப் பத்துப் பேருக்கு முன்னால் வைத்துச் சொல்லிவிட்டு, உண்மையில் அதை நாசமாக்கும் வேலையை என் கையாலேயே செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் போகட்டும், நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டால் பழி யார் தலையில் விழும்? ஓட்டிக்கொண்டு போனவர் தலையில்தான். மச்சானே கூடத் தன் பிழை என்றுதான் நினைப்பார்.

வீட்டுப் படலைக்குள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். மரச்சட்டம் வெறுமையாக இருந்தது. "எஞ்சின் எங்கை?" என்றேன். "அண்ணை வந்து தூக்கிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் ஆகப்போகுது" என்றாள் மனைவி, என் முகத்தைப் பார்க்காமலே.

 திரும்பிக் கடற்கரைக்கு ஓடினேன். தண்ணீர் நல்ல பெருக்கு. மற்ற வள்ளங்கள் எல்லாம் போய்விட்டன. எங்கள் வள்ளம் மட்டும் கட்டின இடத்திலேயே நின்றது. அதன் நிழலில் மச்சான் குந்தியிருந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் வள்ளத்தில் பூட்டியபடி, விசிறிப் பக்கம் தண்ணீருக்கு மேலே தூக்கிச் சாய்த்துக் கட்டப்பட்டிருந்தது. அதன் அடியில் கயிற்றில் ஒரு தேங்காய்ச் சிரட்டை தொங்கியது. கீழ்த் திருகாணியிலிருந்து சொட்டுச் சொட்டாக எண்ணெய் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. மச்சானின் தோளில், எஞ்சினைச் சுமந்துவந்த பக்கம், சட்டை முழுக்க எண்ணெய்க் கறை.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். சற்றுத் தள்ளி இரண்டு பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"கீழ்ப் பூட்டிலை வாசர் இல்லை மச்சான். மண்ணுக்கை விழுந்து போச்சோ?"

நான் சட்டைப்பையிலிருந்து அந்தப் பழைய வாசரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"அப்ப துலைக்கேல்லை, நல்லது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

"வீட்டிலை சொன்னனீரோ?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்லுறது? கேட்டவைக்கு, மச்சான் வந்தாப்போலை ரெண்டு பேருமாப் போவம் எண்டு சொன்னன்."

என் பிழை அவர் தோளில் வழிந்தது. அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய், படித்தவர் செய்த வேலையைப் பாருங்கள் என்று எல்லோருக்கும் காட்டியிருக்கலாம். காலையில் நான் செய்ததற்கு அது சரியான பதிலாகவும் இருந்திருக்கும். அவரோ வெயிலுக்குள் ஒரு சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, வலை எடுக்கும் நேரம் போவதையும் பாராமல், நான் வரும்வரை அந்தப் பிழையை யாரும் காணாதபடி மறைத்துக்கொண்டு குந்தியிருந்தார்.

எஞ்சினை நிமிர்த்தி, மேலும் கீழும் புது வாசர் இரண்டையும் போட்டு, குறைந்த எண்ணெயை நிரப்பினோம். இந்த முறை நான் பிடித்துக்கொள்ள அவர் பூட்டினார். வள்ளம் கரையை விட்டு விலகிக் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் மெக்கானிக் சொன்னதையும், கொழும்புத்துறைக்காரர் பேணியைத் திறந்து காட்டியதையும் சொன்னேன். மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் துணிவு வந்தது.

"மச்சான், உண்மையைச் சொல்லும். நான் காய்ச்சலாக் கிடக்கேக்கை முழுக்க முறுக்கினனீர்தானே?"

"ஓம், கொஞ்சத் தூரம். மந்திரிச்ச அண்டைக்கு நீர் முறுக்கினதை நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். ஆசை உமக்கு மட்டும்தான் இருக்குமே?"

அன்றைக்கு நண்டு நன்றாகப் பட்டிருந்தது. எஞ்சின் சத்தமும் முந்தியதைவிட மென்மையாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. புது எண்ணெயின் வேலையா, என் மனதின் வேலையா தெரியாது.

கரைக்கு வந்ததும் மச்சான் எஞ்சினைத் தோளில் தூக்கப் போனார். நான் விடவில்லை, வாங்கி என் தோளில் வைத்துக்கொண்டேன். முற்றத்துக்கு வந்து மரச்சட்டத்தில் இறக்கிவிட்டு, மாமியாரையும் மனைவியையும் கூப்பிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அயலவர்களையும் கூப்பிட்டேன். பத்துப் பேருக்கு முன்னால் சொன்ன பிழையைக் காதுக்குள் இரகசியமாகத் திருத்த முடியாது என்பது மட்டும் எனக்கு விளங்கியிருந்தது. "காலமை நான் சொன்னது பிழை. எஞ்சினுக்கு ஒண்டும் இல்லை. வாசர் போடாமல் விட்டு அதைப் பழுதாக்கப் பாத்தது நான். மச்சான்தான் காப்பாத்தினவர்" என்றேன். மச்சானுக்குக் கூச்சமாகிவிட்டது. "விடும் மச்சான், நண்டு வெயிலிலை கிடக்கு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போனார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். மாமியார் பழைய சேலையை எடுத்து எஞ்சினுக்குப் போர்த்தினார்.

அன்றிரவு தன் அண்ணன் எங்கள் வீட்டில்தான் நண்டுக்கறியோடு சாப்பிட்டார் என்பதில் மனைவிக்கு இருந்த சந்தோசத்தை நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அதன் பிறகு வந்த வருடங்களில் எங்கள் கடலுக்கும் கரைக்கும் என்ன நடந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. எரிபொருள் கிடைக்காமல் போகும்வரை அந்த எஞ்சின் எங்களோடு ஓடியது. ஒருநாளும் அதன் எண்ணெய் பால் நிறத்தில் வந்ததில்லை. எண்ணெய் மாற்றும் நாள் வரும்போதெல்லாம் மச்சான் என் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சினைத் தண்ணீருக்குள் இறக்குவார். கூட்டும் முறியவில்லை.

எனக்கு இப்போதும் கோபம் வரும், அது பிறவிக் குணம். ஆனால் யாரையாவது பார்த்து இது உன்னால்தான் என்று சொல்ல வாயெடுக்கும்போது, எனக்குத் தெரியாமலே என் கை ஒருதரம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது.